குளத்தில் போட்ட முகம்

பாப்பா,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்டால் பதிலுக்கு நீயும் "நீ எப்படி கீற நைனா" என்பாய், நான் பொய் சொல்ல வேண்டி வரும். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன புதுசாகக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதில் பாதிதான் உனக்குப் புரிகிறது. புரியாத பாதிக்கெல்லாம் "ஆங்... ஆங்..." என்று சமாளிக்கிறாய். ஒருநாள் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். "ஆங், நல்லது நைனா" என்றாய். சிரிப்பு வந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "பொதட்டூர், அத்திமாஞ்சேரி, பள்ளிப்பட்டே..." என்று நான் ஒரு குரல் கொடுத்தால், டீக்கடையில் இருப்பவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். அந்தக் கண்டக்டருக்கு இப்போது கீழ்த்தாடையில் வலது பக்க எலும்பு இல்லை. உதடு சரியாகக் கூடுவதில்லை. எழுதுவதற்குத் தாடை வேண்டாம் அல்லவா, அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். "நைனா, உன் மூஞ்சிய இன்னொரு வாட்டி அச்சு எடுத்துக்கட்டா? இப்ப எப்படி கீதோ அப்படியே." கடைசி வருஷத்துக்கு நீ செய்ய வேண்டிய சிலை வேலைக்கு இதைத்தான் நினைத்திருப்பதாகச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் நீ எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. நைனாவுக்குக் கோபம் என்று நம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் சொன்னாயாம். கோபப்படுகிற தைரியமெல்லாம் எனக்கு எப்போது இருந்தது? பயந்துபோய் வைத்தேன், அவ்வளவுதான். உங்கப்பன் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது அந்த ரூட்டில் இருக்கிற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். படியில் தொங்குகிற பையன்களைப் பார்த்து நான் கத்திய கத்தெல்லாம் அதிகாரம் என்று நினைத்தாயா? யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்கிற நடுக்கம். டிரைவர் என்னைக் கேலி செய்வார். "இன்னா நைனா, வண்டில ஏறும்போதே எமனுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சு வெச்சிகினியா?" என்பார். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், ஆனால் கண் படியை விட்டு நகராது.

நீயோ எதற்கும் பயப்படாமல் பிறந்தாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ ஒன்றாவதோ இரண்டாவதோ படித்த சமயம். ஆடிக்கிருத்திகைக்கு மாவிளக்குப் போட உன் அம்மா மாவு பிசைந்து வைத்திருந்தாள். நீ என் பையிலிருந்து விசிலை எடுத்து அந்த மாவில் அழுத்தி அழுத்தி அச்சு எடுத்திருக்கிறாய். சாமி மாவில் கை வைத்தாள் என்று அம்மா உன்னைத் துரத்திக்கொண்டு ஓட, நீ விசிலைத் திரும்ப என் பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்துகொண்டாய். மறுநாள் முதல் வண்டி. ஏறவும் இடமில்லாத கூட்டம். விசிலை வாயில் வைத்து ஊதுகிறேன், சத்தமே வரவில்லை. மூச்சைப் பிடித்து ஓங்கி ஊதினேன். வெல்லமும் மாவுமாக ஒரு உருண்டை பறந்துபோய் முன்னால் நின்றவர் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளிப்பட்டு வரைக்கும் வண்டியே சிரித்தது. வீட்டுக்கு வந்து உன்னை அடிப்பேன் என்று நினைத்தாயே, நான் அடித்தேனா? ஒரு பொருளை அழுத்தினால் அதன் உருவம் அங்கே தங்கிவிடுகிறது என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு அது புரிய இவ்வளவு காலம் ஆனது.

நீ ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோது வர்ணம் பூசுவாய், படம் வரைவாய் என்றுதான் நினைத்தோம். சிற்பம் எடுத்திருக்கிறேன் என்றாய். களிமண், கம்பி, மாவுக்கட்டுப் போடுகிற பிஓபி மாவு என்று ஏதேதோ சொன்னாய். முதல் வருஷம் பொங்கலுக்கு வந்தபோது வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாய். அம்மா துணியை அவிழ்த்துப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டாற்போல ஒரே அகலத்துக்குக் கொப்புளம். "இஸ்திரி பெட்டி வட்டமாவாடி சுடும்?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அப்புறம்தான் சொன்னாய். உன் கையையே சிலையாக எடுத்துப் பார்க்கலாம் என்று பக்கெட்டில் மாவைக் கரைத்துக் கையை உள்ளே விட்டிருக்கிறாய். மாவு இறுகும்போது சூடு ஏறும் என்று சொல்லித்தந்திருந்தார்களாம், இவ்வளவு ஏறும் என்று நீ நினைக்கவில்லையாம். இழுத்தால் கை வரவில்லை. கூடப் படிக்கிற பெண்கள் சுத்தியலால் தட்டி உடைத்து எடுத்திருக்கிறார்கள். நீ இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து உன் போன் வந்தால் முதலில் உன் குரலில் வலி இருக்கிறதா என்றுதான் கவனிப்பேன். பிறகுதான் நீ என்ன சொல்கிறாய் என்பது காதில் ஏறும். சோதனை செய்து பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை பாப்பா. வெளியே எடுக்க வழி வைத்துக்கொண்டு கையை விடு. அந்த மாவுத் தூசு நெஞ்சுக்குள் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள். மாவா புகையிலையை மென்று மென்று வாயைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறான், உடம்பு எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொள்கிறது.

என் கன்னத்தில் அந்தப் புண் வந்து, ஆறாமல், பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்து, தாடையை எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதெல்லாம் நீ கூட இருந்து பார்த்தது. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. உன் அம்மா அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகத் திருத்தணி மலையைப் பார்த்துக் கையெடுத்தாள். "முருகா, இவரு மூஞ்ச காப்பாத்து. உனக்கு மூஞ்ச கொண்டாந்து போடறேன்." நம் ஊரில் இது சகஜம். கண்வலி என்றால் வெள்ளியில் கண், கால்வலி என்றால் கால். படிக்கட்டுப் பக்கம் கடைகளில் தகட்டு உருவமாக விற்கிறார்கள். முகமும் விற்கிறார்கள். மூக்கும் முழியுமாக ஒரே முகம், யார் வாங்கினாலும் அதுதான்.

அந்த வேண்டுதல் உனக்குத் தெரியாது. நீயாக வந்து என் முகத்தை எடுக்க வேண்டும் என்றாய். மறுநாள் ஆப்பரேஷனுக்கு அட்மிஷன் என்ற நிலையில், விடியற்காலையிலேயே அம்மா ஓட்டுகிற தறிகளை நிறுத்திவிட்டு, தறிக் கொட்டகையில் பாயைப் போட்டு என்னைப் படுக்க வைத்தாய். தலைமுடியில் பிளாஸ்டிக் கவர், புருவத்திலும் மீசையிலும் வாசலின். மெடிக்கலில் வாங்கிய மாவுக்கட்டுத் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தண்ணீரில் நனைத்து நனைத்து வைத்தாய். நெற்றியில் முதல் துணி பட்டபோதே நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். மூக்குத் துவாரத்தை மூட மாட்டேன் என்று நீ சத்தியம் செய்தாய். என் இடது கையை நீ பிடித்துக்கொண்டாய். பேச முடியாதே, அதனால் பஸ் பாஷை வைத்துக்கொண்டோம். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். அதே போல ஒரு அழுத்து அழுத்தினால் எடுத்துவிட வேண்டும். இரண்டு அழுத்து என்றால் ரைட், போகலாம். தண்ணீர் போகக் கூடாது என்று காதில் பஞ்சு வைத்தாய்.

பஞ்சு வைத்தால் எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்கள் இரண்டு பேரும். தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து, பஸ் சத்தத்தில் சில்லறை விழுவதைக் கேட்ட காது இது. உன் அம்மா சொன்னாள், "இன்னாத்துக்குடி இதெல்லாம்? மூஞ்சியெல்லாம் வெள்ளையா பூசிகினு... பாக்கவே நல்லால்ல." நீ இன்னொரு துணியை என் தாடையில் ஒட்டித் தடவினாய். அப்புறம் சொன்னாய். "ஆப்பரேசன்ல எதனா ஆயிட்டா, இதுனா நம்மகிட்ட இருக்கும்மா." "வாய கழுவுடி" என்றாள் அம்மா. பிறகு மூக்கு உறிஞ்சுகிற சத்தம். அது நீயா அவளா என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்க முடியாது, வாயைத் திறக்க முடியாது, துணி இறுகி வெதவெதவென்று சூடு ஏறுகிறது. எனக்கு அப்போது வந்த பயத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? செத்துப்போய்ப் படுத்திருப்பவன் காதில் வீட்டார் பேசுவது விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் பொண்ணு என்னை எடுத்து வைக்கிறாள், நான் போகப்போகிறேன் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நீ கேட்டாய், "ஓகேவா நைனா?" ஒரே ஒரு அழுத்துப் போதும், எல்லாவற்றையும் பிய்த்து எடுத்திருப்பாய். ஆனால் அழுத்தினால் நான் கேட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே. இரண்டு தடவை அழுத்தினேன். "ரைட்டாம்மா, நைனா ஜாலியா கீது" என்று அம்மாவிடம் சொன்னாய்.

துணி அச்சைக் கழற்றும்போது பாதி மீசை அதோடு வந்துவிட்டது. வாசலின் போதவில்லை. நான் அலறிய அலறலில் அம்மாவும் நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அச்சுக்குள் ஊற்ற நம் ஊர்க் கடையில் கிடைத்த மாவு பழசாகிக் கட்டி தட்டியிருந்தது என்று, நல்ல மாவு வாங்க நீ சென்னைக்கு ரயிலேறினாய். அச்சைத் தறிக்குப் பக்கத்துப் பலகையில் காய வைத்துவிட்டுப் போனாய்.

அதற்கு அப்புறம் நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. ராத்திரி நீ திரும்பி வந்து பார்த்தபோது பலகை காலி. "கொளத்துல போட்டுட்டேன்" என்றாள் அம்மா. "அது மூஞ்சி இல்லம்மா, அச்சு! அதுக்குள்ள ஊத்தினாதாம்மா நைனா மூஞ்சி வரும்!" என்று நீ கத்தின கத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மறுபடியும் எடுக்க நேரமில்லை, விடிந்தால் ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாய், கேட்டால் பதில் சொல்கிறாய், அவ்வளவுதான். அவள் ஏன் போட்டாள் என்று நீ கேட்கவும் இல்லை, அவளாகச் சொல்லவும் இல்லை.

நான் சொல்கிறேன். நீ கிளம்பிய பிறகு அவள் கொட்டகையைப் பெருக்கப் போனாள். பலகையில் அந்தக் குழிந்த முகம். அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் அது இந்தப் பக்கம் திரும்புகிறது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் திரும்புகிறது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "எங்க போனாலும் என்னியே பாத்துகினு கீதுங்க" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். பார்த்தது, பாப்பா. சத்தியமாகப் பார்த்தது. குழிவான முகத்தை நடந்துகொண்டே பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று நீ இப்போது சிரித்துக்கொண்டு சொல்வாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அங்கே அரண்டவர்கள் இரண்டு பேர். அவள் சொன்னாள், "கேட்டுபுட்டான் முருகன். தகடு வாணாமாம், இந்த மூஞ்சியே வோணுமாம்." ஒரு புதுத் துண்டில் அதைச் சுற்றி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, மலைக்கு எடுத்துப் போனாள். உண்டியல் வாயில் அது நுழையாது. சந்நிதியில் காட்டிக் கும்பிட்டுவிட்டு, கீழே இறங்கி வந்து குளத்தில் விட்டுவிட்டாள். பிள்ளையாரைக் கரைப்பது மாதிரிதான் அவள் நினைத்தாள். உன் படிப்பு, உன் பரீட்சை ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. புருஷன் பிழைக்க வேண்டும், அதற்கு முகத்துக்கு முகம் கொடுத்தாயிற்று.

நான் தடுக்கவில்லை. அவள் துண்டில் சுற்றும்போது நான்தான் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று இருந்தது எனக்கு. நீ என்னை எடுத்து வைத்தாயே, அது வீட்டில் இல்லாவிட்டால் நானும் போக மாட்டேன் என்று ஒரு முட்டாள் கணக்கு. நீ அம்மாவைத் திட்டியபோது நான் வாசலில் ஒரு மண்ணும் தெரியாதவனாக நின்றேன். உன் கோபத்தில் பாதி என்னுடையது, எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நீ மறுபடியும் கேட்கிறாய். இந்த முகத்தையா? நெஞ்சிலிருந்து தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நெஞ்சு மயிர் கன்னத்தில் முளைக்கிறது, உனக்குத் தெரியுமா? வலது பக்கம் எச்சில் ஒழுகுவது எனக்கே தெரிவதில்லை, அம்மா கண்ணைக் காட்டினால் துடைத்துக்கொள்கிறேன். கொரோனாவுக்கு வந்த மாஸ்க்கை ஊரெல்லாம் கழற்றிப் போட்டது, நான் போட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு திரும்பிவிடுகிறேன், பந்தியில் உட்காருவதில்லை. சவரம் கையால் தடவித் தடவித்தான். சுவர்க் கண்ணாடியை நெற்றி மட்டும் தெரிகிற உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறேன், விபூதி வைக்க. அந்த முகத்தை நீ வெள்ளை வெளேரென்று வார்த்து எடுத்தால் நான் பார்த்துத்தான் ஆக வேண்டும். உன் கல்லூரியில் யார் யாரோ சுற்றி நின்று பார்ப்பார்கள். வண்டியில் "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே தள்ளியவனுக்கு நாலு பேர் பார்வையைத் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் சின்ன பயம். இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, அந்த வலது கன்னத்தில் எனக்கு உணர்ச்சியே இல்லை. கொதிக்கிற காப்பி வழிந்தபோதுகூடத் தெரியவில்லை. நீ துணி வைத்துச் சூடு ஏறினால் நான் எப்படி அழுத்துவேன்? உன் மணிக்கட்டுத் தழும்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. மற்றொன்றைச் சொல்லவே கூசுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீ முகம் கேட்கிறாய். உனக்கு டாக்டர் தனியாக ஏதாவது சொன்னாரா? இந்தப் பொண்ணு மறுபடியும் என்னை எடுத்து வைக்கப் பார்க்கிறாளா? நான்கு நாளாக இதையே அசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு வந்து உன் அம்மா என் முன்னால் உட்கார்ந்தாள். போனில் நீ கேட்டதைச் சொன்னேன். நான் பேசுவது முழுசாகப் புரிகிற ஒரே ஆள் அவள்தான். எதிர்ப்பாள் என்று நினைத்தேன். எதிர்ப்பாள், அவள் பேரைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவள் என் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த மூஞ்ச நான் முருகனுக்குக் குட்த்துட்டேன். இது அவன் நமக்குக் குட்த்தது. கொழந்த கேக்குறா, இத்தகூட தரமாட்டியா நீ?" அப்புறம் முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "நா அன்னிக்கி அவளுக்குக் கெடுத்தது போதும்" என்று எழுந்துபோனாள். உள்ளே போய் அழுதாள். அவளுக்கு உன்மேல் பயம், பாப்பா. பெற்ற தாய்க்கு மகளிடம் பயம் இருக்கலாமா, நீயே சொல்.

அதனால் வா. இது கையில் கிடைத்ததும் வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வந்துவிடு, வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம். எனக்குச் சில கண்டிஷன்கள் உண்டு. வாசலின் தாராளமாகப் போடு, இருக்கிற மீசையாவது மிஞ்சட்டும். துணியை நனைத்துக் கொடுக்கிற வேலை உன் அம்மாவுடையது. வலது பக்கம் துணி வைத்து முடித்ததும், அதன்மேல் அவள் உள்ளங்கையை வைத்திருக்கட்டும். சூடு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவள் "போதும்" என்றால் நீ உடனே எடுத்துவிட வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. சிலை உனக்குச் சொந்தம், உன் கல்லூரிக்குக் கொண்டுபோ, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். சிலையை வார்த்து முடிந்ததும் அந்தத் துணி அச்சை அம்மா கையில் கொடுத்துவிடு. அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நீ கேட்காதே.

காதில் பஞ்சு வேண்டாம். தண்ணீர் போனால் போகட்டும். எனக்குக் கேட்கும் என்று தெரிந்துகொண்டே நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள். டாக்டர் ஏதாவது சொல்லியிருந்தால் அப்போது சொல், என்னால் எழுந்து ஓட முடியாது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் சொல். நடுவில் "ஓகேவா நைனா" என்று கேள். போன தடவை நான் அழுத்திய இரண்டும் பொய். இந்தத் தடவையும் நடுங்கிக்கொண்டுதான் படுத்திருப்பேன். ஆனாலும் இரண்டு அழுத்து அழுத்துவேன், அது நிஜம். ரைட், போகலாம்.

உன்
நைனா